பென்ஷன் வரவில்லையா? கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"பேங்கில் கேட்டால் ஆபீசைக் கேட்கச் சொல்கிறார்கள், ஆபீசில் கேட்டால் பேங்கைக் கேட்கச் சொல்கிறார்கள்." கணக்குப் பிரிவில் பல வருடம் பென்ஷன் சீட் பார்த்தவன் என்பதால், மாதத்துக்கு இரண்டு பேராவது பாஸ்புக்கும் கையுமாக இதே வசனத்தோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பணம் வரவில்லை? பென்ஷனா, பணிக்கொடையா, தொகுப்புத் தொகையா (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் பணம்), ஜிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதியா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியாக வருகிறது. வழி தெரிந்தால் எந்த மேஜையில் தடங்கல் என்று தெரியும். தெரியாவிட்டால் தப்பான கவுண்டரில் மாதக்கணக்கில் நிற்க வேண்டியதுதான்.

மத்திய அரசின் சிவில் துறைகளில், 2004 ஜனவரி 1-க்கு முன் வேலையில் சேர்ந்து பழைய முறையில் ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இதை எழுதுகிறேன். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம், 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று பாதையே வேறு. ரயில்வே, பாதுகாப்பு, அஞ்சல், தொலைத்தொடர்பு ஆகிய துறைகளுக்கும் சொந்தச் சங்கிலி உண்டு. தமிழ்நாடு அரசில் ஓய்வு பெற்றவர்களுக்கு மாநிலக் கணக்காயர் அலுவலகம் கொடுப்பாணை (பென்ஷன் தரச் சொல்லும் ஆணை) போட, கருவூலம் பணம் தரும். கீழே நான் வங்கியின் பென்ஷன் மையம் என்று சொல்லும் பல இடங்களில் அவர்கள் கருவூலம் என்று வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

சங்கிலி இதுதான். நீங்கள் வேலை பார்த்த அலுவலகம் தாள்களைத் தயாரித்து, துறையின் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே கணக்குப் பார்த்துக் கொடுப்பாணை போடுவார்கள். எல்லோரும் பிபிஓ என்று சொல்வது அதைத்தான். அது டெல்லியில் உள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு, அதாவது சி.பி.ஏ.ஓ.வுக்குப் போகும். அங்கிருந்து உங்கள் வங்கியின் பென்ஷன் செயலாக்க மையத்துக்கு, அதாவது சி.பி.பி.சி.க்கு வரும். மாதாமாதம் கணக்கில் பணம் போடுவது அந்த மையம்தான். தெருமுனையில் இருக்கும் கிளை இதில் கடைசிக் கண்ணி. அங்கே இருப்பவர் உங்கள் பென்ஷனைக் கூட்டவும் குறைக்கவும் முடியாதவர். பாவம், அவரிடம்தான் எல்லோரும் கத்துகிறோம்.

ஓய்வு பெற்று மாதங்கள் ஆகியும் முதல் பென்ஷன் வரவில்லை

பிபிஓ எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 12 இலக்க எண் அது. இல்லையென்றால் வங்கிப் பக்கமே போகாதீர்கள். கோப்பு இன்னும் உங்கள் பழைய அலுவலகத்திலோ கணக்கு அலுவலகத்திலோதான் கிடக்கிறது.

விதிப்படி ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே நீங்கள் படிவம் கொடுத்திருக்க வேண்டும். நான்கு மாதம் முன்பே அலுவலகம் கோப்பைக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பே கொடுப்பாணை தயாராகியிருக்க வேண்டும். மத்திய அரசின் பென்ஷன் விண்ணப்ப இணையதளமான பவிஷ்யாவில் உங்கள் விண்ணப்பம் இருந்தால், இந்தப் படிகளில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று அதிலேயே தெரியும். தெரியவில்லையென்றால், "என் பென்ஷன் கோப்பு எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் கணக்கு அலுவலகத்துக்குப் போனது?" என்று அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். "அனுப்பிவிட்டோம்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். நானே அந்த நாற்காலியில் இருந்து எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

கோப்பு திரும்பி வருவதற்கு முதல் காரணம் பணிப்பதிவேடு. நடுவில் ஏதோ ஒரு வருடத்துக்குச் சேவை சரிபார்த்த கையெழுத்து இருக்காது. வேறு ஊரில் இருந்த இரண்டு வருடத்துக்கு அந்த அலுவலகம் எதையும் எழுதியிருக்காது. சம்பளமில்லா விடுப்பு தகுதிச் சேவையில், அதாவது பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சேவையில், சேருமா சேராதா என்று குறிப்பு இருக்காது. 18 வருட சேவை முடிந்ததும் ஒருமுறை, ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கும்போது ஒருமுறை, தகுதிச் சேவையைச் சரிபார்த்து ஊழியருக்குச் சான்று தர வேண்டும் என்பது விதி. அதை வாங்கி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. வாங்காதவர்கள் விடுபட்ட காலத்துக்கான சம்பளச் சீட்டு, இடமாற்ற ஆணை, ஜிபிஎஃப் பிடித்த கணக்குத்தாள் என்று எது கிடைத்தாலும் திரட்டிக் கொடுங்கள். ஜிபிஎஃப் பிடித்திருக்கிறார்கள் என்றால் அந்த மாதம் நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்று காட்ட அது ஒரு நல்ல துணை ஆதாரம்.

இரண்டாவது காரணம் நம் ஊர்க்காரர்களுக்கே உரியது: இனிஷியல். பணிப்பதிவேட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். பான் அட்டையில் அப்பா பெயரே கடைசிப் பெயராகி, நம் பெயர் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு நான்கு ஆட்கள். எதை எதற்கேற்ப மாற்றுவது என்று கேட்டால் என் பதில்: பணிப்பதிவேட்டை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை அதற்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பணிப்பதிவேட்டில் பெயரைத் திருத்தப் போனால் அது தனிப் பயணம், ஓய்வு நேரத்தில் செய்யக் கூடியது இல்லை. பிறந்த தேதியும் அப்படியே.

துறை விசாரணையோ நீதிமன்ற வழக்கோ நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம் மட்டும் கிடைக்கும். அது முடியும்வரை பணிக்கொடை நிற்கும். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் தாள் வேலை தாமதம் என்றாலும் தற்காலிக ஓய்வூதியம் கேட்கலாம். ஆறு மாதம் வரை அதைக் கொடுக்கவும், பணிக்கொடையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்திவைத்து மீதியைக் கொடுக்கவும் அலுவலகத் தலைவருக்கு விதி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. கேட்காதவர்களுக்கு யாரும் தானாகச் சொல்வதும் இல்லை.

பிபிஓ எண் வந்துவிட்டது, பணம் மட்டும் வரவில்லையா? சி.பி.ஏ.ஓ. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வங்கிக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று தெரியும். அனுப்பியாகிவிட்டது என்றால் இப்போதுதான் வங்கியின் முறை. கூடுதலாக வரவு வைத்தால் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழித் தாள் கோப்போடு போயிருந்தால், முதல் பென்ஷனுக்காக நீங்கள் கிளைக்குப் போய் முகம் காட்ட வேண்டியதே இல்லை. "நேரில் வரணும்" என்று யாராவது சொன்னால், அந்தத் தாள் சேராமல் போய்விட்டதா என்று மட்டும் கேளுங்கள்.

பென்ஷன் வருகிறது, பணிக்கொடை வரவில்லை

வங்கியைக் கேட்டுப் பயனில்லை. பணிக்கொடை, ஈட்டிய விடுப்புக்கான பணம், ஜிபிஎஃப், குழுக் காப்பீடு இவை நான்கும் வங்கி மையம் வழியாக வருவதில்லை. உங்கள் அலுவலகமும் கணக்கு அலுவலகமும் நேரடியாகப் போட வேண்டியவை. பென்ஷனும் தொகுப்புத் தொகையும்தான் வங்கி மையத்தின் பொறுப்பு.

அரசுக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு நிலுவையின்மைச் சான்று வரும்வரை பணிக்கொடையில் 10 சதவீதம் நிறுத்திவைக்கப்படும். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டதால் சான்று தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர், மின்சாரக் கட்டணப் பாக்கிவரை பார்த்த பிறகுதான் கையெழுத்தாகும். வீடு கட்டும் முன்பணம் வாங்கியவர்கள் அசல் முடிந்த பிறகும் வட்டி பாக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது பெரும்பாலும் மறந்துபோகிற ஒன்று.

தொகை சரியா என்று பார்க்க: கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படியைக் கூட்டி, அதில் கால் பங்கை, முடித்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் பெருக்க வேண்டும். 33 வருடம் வேலை பார்த்தவருக்கு அது பதினாறரை மடங்கு, அதற்கு மேல் கிடையாது. அடிப்படை 60,000 ரூபாய், அகவிலைப்படி 58 சதவீதம் என்றால் 94,800; பதினாறரை மடங்கு 15,64,200 ரூபாய். உச்சவரம்பு 2024 ஜனவரி 1 முதல் 25 லட்சம். நிர்வாகத்தின் தவறால் தாமதமானால் ஜிபிஎஃப் வட்டி விகிதத்தில் வட்டி உண்டு. அதையும் கேட்டு எழுதுங்கள்.

சொன்னதைவிடக் குறைவாக வருகிறது

இந்தப் புகாரோடு வருபவர்களில் பாதிப் பேருக்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அவர்களே கையெழுத்துப் போட்டுத் தொகுப்புப் பெற்றதை மறந்திருப்பார்கள்.

மேலே சொன்ன 60,000 ரூபாய்க்காரரையே எடுத்துக்கொள்வோம். பென்ஷன் பாதி, 30,000. இதில் 40 சதவீதம்வரை தொகுத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். முழுசாகத் தொகுத்தால் மாதம் 12,000 குறையும், கையில் 18,000. அந்தப் 12,000-ஐ 12 மாதத்தாலும், 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கான 8.194 என்ற எண்ணாலும் பெருக்கினால் 11,79,936 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும்.

அடுத்தது கவனிக்க வேண்டியது. அகவிலை நிவாரணம், அதாவது பென்ஷனுக்குத் தரும் அகவிலைப்படி, குறைந்துபோன 18,000-க்கு இல்லை, முழு 30,000-க்கு. 58 சதவீதம் என்றால் 17,400. ஆக மாதம் 35,400 வர வேண்டும். பாஸ்புக்கில் 28,440 என்று இருந்தால் 18,000-க்குத்தான் நிவாரணம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை உடனே எழுதிக் கேட்கலாம். வருமான வரி பிடித்திருந்தால் எண் வேறாக இருக்கும் என்பதால், மொத்தத்தை வைத்துச் சண்டைக்குப் போகாமல் வங்கியிடம் பென்ஷன் சீட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அடிப்படை, தொகுப்புக் குறைப்பு, நிவாரணம், மருத்துவப்படி, வரி என்று தனித்தனியாக இருக்கும்.

ஜனவரியிலும் ஜூலையிலும் உயரும் நிவாரணம் அந்தந்த மாதமே வராது. அறிவிப்பு சில மாதம் கழித்து வரும். நிலுவையும் சேர்ந்து வரும். மார்ச் மாதப் பென்ஷன் மார்ச் கடைசி நாளில் வராமல் ஏப்ரல் முதல் வேலை நாளில்தான் வரும். இந்த ஒன்றுக்காக வருடா வருடம் எனக்கு மார்ச் 31 இரவு போன் வருகிறது.

நவம்பர் வரை வந்தது, டிசம்பரில் நின்றுவிட்டது

உயிர்வாழ் சான்று. வேறு காரணம் தேட வேண்டாம். 80 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நவம்பர் மாதத்துக்குள், 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு இது கருவூல நேர்காணல். நவம்பர் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. தொழிலாளர் வைப்பு நிதி வழியாகப் பென்ஷன் வாங்குபவர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தேதியை வைத்து ஏமாறுபவர்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டவர்கள்தான்.

"நான்தான் போனிலேயே ஜீவன் பிரமாண் கொடுத்துவிட்டேனே, மெசேஜ் கூட வந்தது" என்பார்கள். ஜீவன் பிரமாண் என்பது மின்னணு முறையில் தரும் உயிர்வாழ் சான்று. அந்த மெசேஜுக்கு அர்த்தம், ஆதாரோடு உங்கள் முகமோ விரலோ ஒத்துப்போனது என்பது மட்டுமே. அதை உங்கள் வங்கி ஏற்றுக்கொண்டதா என்பது அடுத்த படி. பிபிஓ எண்ணில் ஒரு இலக்கம் தப்பு, கணக்கு எண் பழையது, பென்ஷன் கொடுப்பவர் என்ற இடத்தில் வேறு வங்கியைத் தேர்ந்துவிட்டது, இப்படி ஏதாவது இருந்தால் வங்கி நிராகரித்துவிடும். ஜீவன் பிரமாண் தளத்தில் உங்கள் பிரமாண் எண்ணை வைத்துச் சான்றை எடுத்துப் பார்த்து, அதில் இருக்கும் விவரங்களைப் பாஸ்புக்கோடும் பிபிஓவோடும் ஒப்பிடுங்கள். தப்பு தெரிந்தால் புதிதாக இன்னொன்று கொடுக்கலாம், தடையில்லை.

கைரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காத வயதானவர்களுக்கு முகம் காட்டும் முறை வரப்பிரசாதம். போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகச் சரிபார்ப்புச் செயலியும் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கிவிட்டுத் திண்டாடுவார்கள். ஜன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வைத்து, கண்ணை இமைக்கச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் பத்துமுறை செய்தாலும் வராது. அதுவும் சரிவராவிட்டால் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு எடுத்துத் தருவார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வங்கியிலிருந்து ஆள் வரக் கேட்கலாம். மறுபடி அரசு வேலையில் சேர்ந்தவர்களும் மறுமணம் செய்துகொண்டவர்களும் மட்டும் இந்த மின்னணுச் சான்றைப் பயன்படுத்தக் கூடாது, தாளில்தான் கொடுக்க வேண்டும்.

தாளில் கொடுத்தால் அதே வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். ரசீது வாங்காமல் வரக் கூடாது. தெரிந்த ஒரு பெரியவர் நவம்பர் முதல் வாரமே கிளையில் கொடுத்துவிட்டு வந்தார். ஜனவரியில் போய்க் கேட்டால் "நீங்கள் கொடுக்கவே இல்லை" என்றார்கள். தாள் அங்கேயே ஒரு தட்டில் கிடந்தது, பிப்ரவரியில் கிடைத்தது. நின்றுபோன பணம் நிலுவையோடு வந்துவிடும் என்றாலும் இரண்டு மாதம் மருந்துக்குக் கடன் வாங்கினார்.

சான்றைப் புதுப்பிக்கிறோம் என்று போன் செய்து ஓடிபி கேட்பவன் திருடன். எந்த வங்கியும் எந்தக் கருவூலமும் அப்படிக் கேட்பதில்லை.

அவர் போய்விட்டார், குடும்ப ஓய்வூதியம் தொடங்கவில்லை

முதலில் ஒரு கசப்பான விஷயம். இறந்த செய்தியை வங்கிக்குச் சொல்லாமல், ஏடிஎம் கார்டை வைத்து இரண்டு மூன்று மாதம் பணம் எடுத்துவிடுகிறார்கள். துக்கத்தில் யாருக்கும் தோன்றாது, புரிகிறது. ஆனால் இறந்த நாள்வரைக்கும்தான் அவருடைய பென்ஷன். மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். இடையில் எடுத்ததையெல்லாம் வங்கி கழித்துக்கொள்ளும். அதை நேர் செய்வதிலேயே குடும்ப ஓய்வூதியம் தள்ளிப்போகும். முதல் வாரத்திலேயே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

மனைவியின் அல்லது கணவரின் பெயர் பிபிஓவில் இருக்கிறதா? இருந்தால் வேலை சுலபம். இறப்புச் சான்று, பிபிஓ நகல், அடையாளச் சான்று, பிறந்த தேதிக்கு ஆதாரம் இவற்றோடு பென்ஷன் வந்துகொண்டிருந்த வங்கியிலேயே கேட்டால் போதும். இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக இருந்தால் புதுக் கணக்கு கூடத் திறக்க வேண்டாம். வாரிசுச் சான்று வேண்டும் என்று சொல்லித் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புகிறார்களே, பிபிஓவில் பெயர் உள்ள துணைவருக்கு அது தேவையில்லை. அவர் வாங்காமல் விட்டுப்போன நிலுவைக்கு நியமனதாரர் யாரும் இல்லாதபோதுதான் வாரிசுச் சான்று பேச்சே வர வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், பிபிஓவில் இருக்கும் பெயர் வேறாக இருப்பதில். எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு வீட்டில் கூப்பிடும் பெயரை அவர் கணவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆதாரில் பள்ளிப் பெயர். வங்கி மறுத்ததில் தப்பே இல்லை. அவர்களால் கொடுப்பாணையைத் திருத்த முடியாது. கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுதி, திருத்த ஆணை மேலே சொன்ன அதே சங்கிலியில் வர வேண்டும். அந்த அம்மாவும் நானும் வங்கிக்கு நடந்தது மூன்று முறை, அலுவலகத்துக்கு எழுதியது ஒருமுறை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம், கல்யாணப் பதிவு, பழைய ரேஷன் கார்டு, இருவரும் சேர்ந்து எடுத்த கூட்டுப் புகைப்படம் எல்லாம் வைத்து அனுப்பினோம். முதல் நாளே அங்கே எழுதியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. பக்கத்தில் இருக்கிறதே என்று வங்கிக்குப் போனேன்.

உயிரோடு இருப்பவர்கள் இன்றைக்கே பிபிஓவை எடுத்துத் துணைவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயரையும் இப்போதே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் இருவரும் போன பிறகு அந்தப் பிள்ளை தனியாக அலுவலகம் அலைவதை நினைத்துப் பாருங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு 25 வயது, திருமணம், சம்பாத்தியம் இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. திருமணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகளுக்கு 25-க்கு மேலும் கிடைக்கும். வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விவாகரத்து விஷயத்தில், பெற்றோர் உயிரோடு இருந்தபோதே வழக்காவது போட்டிருக்க வேண்டும். இவையெல்லாம் வங்கியில் முடியாது, அலுவலகம் ஆணை போட வேண்டும்.

அவருக்கு வந்ததைவிட எனக்கு அதிகமாக வருகிறது. அப்புறம் ஒருநாள் சடாரென்று குறைந்துவிட்டது

இரண்டுமே கோளாறு இல்லை. தொகுப்புக்கான குறைப்பு அவரோடு போய்விடும். குடும்ப ஓய்வூதியத்தில் பிடிக்க மாட்டார்கள். அவர் 18,000 அடிப்படையில் வாங்கியவர், முதல் சில வருடம் உங்களுக்கு 30,000 அடிப்படையில் வரலாம். இது உயர்வு விகிதம். இறந்த நாளிலிருந்து 7 வருடம், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள், எது முந்துகிறதோ அதுவரை. பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், நம் உதாரணத்தில் 18,000. வேலையில் இருக்கும்போதே இறந்தவர்களுக்கு இந்த உயர்வு விகிதம் 10 வருடம். இரண்டு தேதியும் பிபிஓவில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பே குறைத்தால் கேளுங்கள். தேதி தாண்டியும் குறைக்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், பின்னால் மொத்தமாகப் பிடிப்பார்கள்.

80 வயதாகியும் கூடுதல் வரவில்லை, 15 வருடமாகியும் தொகுப்புக் குறைப்பு நிற்கவில்லை

80 நிறையும் மாதத்தின் 1-ஆம் தேதி முதல் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதல். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் முழுசாக இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு. வராததற்குக் காரணம் பெரும்பாலும் பிபிஓவில் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவரின் பிறந்த தேதி இல்லாதது. பான் அட்டை, பாஸ்போர்ட், பள்ளிச் சான்று என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

தொகுப்புக் குறைப்பு தொடங்கிய நாளிலிருந்து 15 வருடம் முடிந்ததும் வங்கி தானாக முழுப் பென்ஷனுக்குத் திருப்ப வேண்டும். சம்பளக் குழுவால் இடையில் திருத்தம் வந்து இரண்டாம் முறையும் தொகுப்புத் தொகை வாங்கியிருந்தால் இரண்டுக்கும் தனித்தனி 15 வருடம். முதலாவது திரும்பி, இரண்டாவது இன்னும் பிடிக்கிறார்களே என்று குழம்ப வேண்டாம்.

கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள் என்கிறார்கள்

எப்படி வந்த கூடுதல் என்று எழுத்தில் கேளுங்கள். தேதி வாரியாகக் கணக்குத்தாள் தராமல் பிடித்தம் தொடங்க விடாதீர்கள். 2014 டிசம்பரில் ரஃபீக் மஸி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓய்வுக்கு ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களிடமும், மூன்றாம் நான்காம் பிரிவு ஊழியர்களிடமும், ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கொடுத்துவந்த கூடுதலுக்கும் இப்படித் திருப்பிப் பிடிப்பது கூடாது என்றது. ஆனால் 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், திருப்பித் தருவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. பென்ஷன் தொடங்கும்போது நாம் கொடுத்த அந்த உறுதிமொழித் தாள் நினைவிருக்கிறதா? வங்கி அதைத்தான் நீட்டும். ஆகவே முழுசாகத் தள்ளுபடி கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், கணக்கைச் சரிபார்த்துவிட்டு, சிறு தவணைகளாகப் பிடிக்கக் கேட்பது பெரும்பாலும் நடக்கிற காரியம்.

வரிப் பிடித்தம் தனி. பென்ஷன் சம்பளம் மாதிரி வரிக்கு உட்பட்டது, வங்கிதான் பிடிக்கும். பழைய முறையா புதிய முறையா என்று ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரசு ஊழியரின் பணிக்கொடைக்கும் தொகுப்புத் தொகைக்கும் வரி கிடையாது. குடும்ப ஓய்வூதியம் மட்டும் வரிக்குச் சம்பள வருமானமாகக் கணக்கில் வராது.

எல்லாம் செய்தாயிற்று, நகரவில்லை

கிளை, வங்கியின் பென்ஷன் மையம், அப்புறம் ஓய்வூதியர் நலத் துறையின் சிபென்கிராம்ஸ் குறைதீர் தளம். வங்கியின் மேல்தான் தவறு என்றால், புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லாதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கி தாமதமாக வரவு வைத்த பென்ஷனுக்கும் நிலுவைக்கும் ஆண்டுக்கு 8 சதவீதம் இழப்பீடு, நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கேட்காமல் தந்த வங்கியை நான் பார்த்ததில்லை. கோப்பு எங்கே என்று அலுவலகம் பதிலே சொல்லாவிட்டால் 10 ரூபாயில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வந்தாக வேண்டும், அந்த மனு போய்ச் சேர்ந்ததுமே பல கோப்புகளுக்குக் கால் முளைத்துவிடும்.

மனு எழுதும்போது "தாங்கள் கருணை கூர்ந்து இந்த ஏழையின் மேல் இரக்கப்பட்டு" என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, பிபிஓ எண்ணை மறந்துவிடுகிறார்கள். ஓய்வூதியம் தயவு இல்லை, உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இரக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் வரியில் பெயர், பிபிஓ எண், ஓய்வு பெற்ற தேதி, கடைசியாக வேலை பார்த்த அலுவலகம். இரண்டாவது வரியில் கணக்கு எண், கடைசியாகப் பணம் வந்த தேதி, தொகை. மூன்றாவது வரியில் எவ்வளவு வர வேண்டும், எந்த மாதத்திலிருந்து. நான்காவதில் என்ன செய்யச் சொல்கிறீர்கள். இணைத்த தாள்களுக்கு எண் போடுங்கள். ஒரு மனுவில் ஒரே குறை. பணிக்கொடையும் அகவிலை நிவாரணமும் ஒரே தாளில் இருந்தால் இரண்டு மேஜைக்கும் அது அடுத்தவர் வேலையாகிவிடும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும், தபாலில் என்றால் ஒப்புகை அட்டை.